நாற்பதாவது அட்டை

பெர்த்
16 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கபிலன் எழுதுவது. பொங்கல் வாழ்த்து. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் உடம்பும் அத்தான் உடம்பும் எப்படி இருக்கிறது?

வாட்ஸ்அப்பில் நீங்கள் என்னை பிளாக் செய்து எட்டு ஆண்டு ஆகிறது. தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை என்பதால் இந்தக் கடிதம். மண்டாயில் அம்மாவுக்குக் கொள்ளி வைத்த அன்று எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். அதைப் பற்றி இதில் ஒரு வரியும் வராது, பயப்படாமல் மேலே படிக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வினைச்சொல் அகராதி செய்கிறோம். தினம் புழங்கும் ஆங்கில வினைகள், அவற்றின் பொருள், பிறப்பு, நம் ஆட்கள் அவற்றை எப்படிப் பேசுகிறார்கள் என்ற உதாரணங்கள். எனக்கு விழுந்த சொல் 'கீப்'. பார்த்தால் சின்னச் சொல். அகராதிகளைத் திறந்தால் ஐம்பது பொருளுக்கு மேல் போகிறது. சிங்கப்பூரில் நம்மவர்கள் இதைப் பேசும் விதம் தனி. அதைக் கேட்டு எழுத ஒரு காது வேண்டும். முப்பது வருடம் ஹோட்டல் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, வந்த செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக் கொடுத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

நாற்பது அட்டைகள் வைத்திருக்கிறேன். வாக்கியத்துக்குக் கீழே மூன்று கட்டம்: சொன்னவர், இடம், நேரம். காதால் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். டிவி, பேப்பர், கற்பனை எதுவும் ஆகாது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவோம். விதியைப் போட்டவன் நான்தான், திட்டுவதானால் என்னைத் திட்டலாம்.

விருப்பம் இல்லையென்றால் அட்டைகளில் கடைச் சாமான் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
கபிலன்

---

பாசிர் ரிஸ்
25 பிப்ரவரி 2024

கபிலனுக்கு,

கடிதம் வந்தது. ஒரு வாரம் டிவி மேசை இழுப்பறையில் கிடந்தது. நான் சுகம். அத்தானும் நலம்.

நான் சொன்னது சொன்னதுதான். பெற்றவளைக் கொண்டுபோய் ஒரு இல்லத்தில் விட்டுவிட்டு வந்தவன் என் தம்பி இல்லை. ஐந்து மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போகும்போது மடியில் துணிப்பையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாளே, அந்த முகம் எனக்கு மறக்காது. ஆகவே இந்த வேலையைத் தம்பிக்காகச் செய்யவில்லை, ஒரு வாத்தியாருக்காகச் செய்கிறேன். காது சும்மாதான் இருக்கிறது.

ஏழு அட்டை அனுப்புகிறேன். இந்த 'கீப்'பை எத்தனை பேர் எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது. தேக்கா மார்க்கெட்டில் அரை மணி நேரத்தில் நாலு கிடைத்தது. காய்க்காரர் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, சுகாதார இலாகாவா என்று பயந்துபோனார்.

“வெளாண்டு முடிச்சாச்சுல்ல? டாய்ஸ் எல்லாத்தையும் கீப் பண்ணு.”
சொன்னவர்: ஒரு தாய். இடம்: எங்கள் புளோக் கீழ்த்தளம். நேரம்: 3 பிப்ரவரி, காலை 10.

“இந்தக் கீரைய இன்னிக்கே சமைச்சிடுங்கக்கா, நாளைக்குக் கீப் ஆகாது லா.”
சொன்னவர்: காய்க்காரர். இடம்: தேக்கா. நேரம்: 8 பிப்ரவரி, காலை 8.

மற்றவை உள்ளே இருக்கின்றன. விதி பார்த்து ஏற்றுக்கொள்.

தங்கம்

---

பெர்த்
10 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் மிக்க சந்தோஷம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம்.

ஆறு அட்டைகள் ஏற்கப்பட்டன. 'எடுத்து வை' என்ற பொருளில் இந்தச் சொல்லை இங்கே யாரும் பேசுவதில்லை. “டாய்ஸை கீப் பண்ணு” என்று இங்கே ஒரு குழந்தையிடம் சொன்னால், எனக்கே கொடுத்துவிட்டார்கள் என்று அது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடும். நம் ஊர்ப் பொருள் தனிப் பத்தியாக அச்சேறும்.

ஏழாவது அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன்.

“சாவிய நான் கீப் பண்றேன், நீங்க கீப் பண்ண வேணாம்.”
சொன்னவர்: (காலி). இடம்: வீடு, வாசற்கதவு. நேரம்: 19 பிப்ரவரி, காலை 6.

சொன்னவர் பெயர் இல்லை. விதி விதிதான்.

சொல்லின் பிறப்பைக் கேட்டிருந்தீர்களானால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வாத்தியார் புத்தி. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்து மொழிகளில் மற்ற சொற்களுக்கெல்லாம் பங்காளிகள் உண்டு, இதற்கு மட்டும் உற்றார் உறவினர் யாரும் அகப்படவில்லை. 'பிறப்பு தெரியாது' என்று பெரிய அகராதிகளே கையை விரிக்கின்றன.

அத்தான் எப்படி இருக்கிறார்? பஸ் நம்பர்களை இன்னும் ஒப்பிக்கிறாரா? நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கேலாங்கில் அவர் கண்டக்டராக இருந்த பஸ்ஸில்தான் ஏறுவேன். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் தன் பையை வைத்து, எனக்காக யாரையும் உட்கார விடமாட்டார். கர்ப்பிணி வந்தால் மட்டும் எழுந்துகொள்ளடா என்பார்.

அன்புடன்,
கபிலன்

---

பாசிர் ரிஸ்
21 ஏப்ரல் 2024

கபிலனுக்கு,

சுகம். அத்தான் நலம். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

திருப்பி அனுப்பிய அட்டையை நிரப்பியிருக்கிறேன். சொன்னவர்: நான். யாரிடம் என்று கட்டம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன், அத்தானிடம். அவருக்குக் காலையில் நடக்கும் பழக்கம். கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறார். நடப்பது உடம்புக்கு நல்லதுதானே.

போன மாதம் ஒரு வேடிக்கை. பால் வாங்கப் போனவரைக் காணோம். மத்தியானம் ஒரு மணிக்கு துவாஸ் ரயில் நிலையத்திலிருந்து போன். இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கியிருக்கிறார். கையில் பால் பாக்கெட். “ட்ரிப் முடிஞ்சிருச்சு, எல்லாரும் எறங்குங்க” என்று பெட்டியில் இருந்தவர்களிடம் சொன்னாராம். பாதிப் பேர் இறங்கியும் விட்டார்களாம், எப்படியும் அதுதானே கடைசி நிலையம். கீழ்வீட்டு நூர்தீன் டாக்ஸி வைத்து என்னை அழைத்துப் போனார். திரும்பி வரும் வழியெல்லாம் நூர்தீன் சிரித்தார், அத்தான் சிரித்தார், நானும் சிரித்தேன்.

பதினாலு அட்டை வைத்திருக்கிறேன். கொஞ்சம் செக்கப் அது இது என்று அலைச்சல், அதனால் தாமதம். வயசானால் இதெல்லாம் இருக்கிறதுதான்.

உறவே இல்லாத சொல் என்கிறாயே, இத்தனை பேர் வாயில் புழங்குகிறது, அதற்கு எதற்கு உறவு? வெள்ளிக்கிழமை கேலாங் சிவன் கோயிலில் உனக்கும் சேர்த்து அர்ச்சனை செய்துவிட்டேன், தவறுதலாக. ஐயர் குடும்பத்தார் பெயரெல்லாம் கேட்டார், பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

தங்கம்

---

பெர்த்
5 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தவறுதலாகச் செய்த அர்ச்சனையும் பலிக்கும் என்று நம்புகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

அட்டைகள் வந்ததும் முதலில் இடவாரியாக அடுக்குவது எங்கள் வழக்கம். ஒரே இடத்தில் கேட்டவை அதிகமாகிவிடக்கூடாது. உங்கள் பதினாலையும் அடுக்கினேன். எட்டில் 'மருத்துவமனை, மூன்றாம் மாடி, காத்திருப்பு அறை' என்று இருக்கிறது. எட்டு வெவ்வேறு நாட்கள். அவற்றில் ஒன்று இது:

“இன்னிக்கு என்ன நாள், என்ன மாசம்னு கேப்பேன் அங்கிள், தெரியலன்னாலும் பரவால்ல, கீப் ட்ரையிங்.”
சொன்னவர்: தாதி. இடம்: மூன்றாம் மாடி. நேரம்: 4 ஏப்ரல், காலை 9.30.

அக்கா, உங்களால் கடிதத்தில் 'அத்தான் நலம்' என்று எழுத முடிகிறது. அட்டையில் பொய் எழுத முடியவில்லை. முப்பது வருடப் பழக்கம்.

அத்தானுக்கு என்ன?

கபிலன்

---

பெர்த்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து வாரமாகப் பதில் இல்லை. உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நான் கேட்டது தவறு. வாத்தியார் கேள்வி கேட்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும், தம்பிக்கு அந்த இடத்தில் வேலை இல்லை. பதில் எழுத வேண்டாம். கடிதமும் வேண்டாம். அட்டை மட்டும் போதும். அதுவும் முடிந்தால்.

கபிலன்

---

பாசிர் ரிஸ்
11 ஆகஸ்ட் 2024

மூன்று அட்டை.

“ஆன்ட்டி, அங்கிள இனிமே வீட்லயே கீப் பண்றது உங்களால முடியாது. நீங்களே விழுந்து கைய ஒடச்சிக்கிட்டீங்க.”
சொன்னவர்: வினுஷா, மருத்துவச் சமூக சேவகி. இடம்: மூன்றாம் மாடி, அறை 6. நேரம்: 22 ஜூலை, காலை 11.

“அம்மா, தாதிமை இல்லத்துல அப்பாவுக்கு ஒரு பெட் கீப் பண்ணி வெச்சிருக்காங்க. செப்டம்பர் கடைசி வரைக்கும்தான். டிசைட் பண்ணுங்கம்மா, ப்ளீஸ்.”
சொன்னவர்: ரக்ஷனா, என் மகள். இடம்: வீடு, தொலைபேசியில். நேரம்: 1 ஆகஸ்ட், மாலை 6.

“கீப் பண்ணு, கீப் பண்ணாதன்னு ஆளாளுக்குச் சொல்றீங்களே, அவரு என்ன சாமானா?”
சொன்னவர்: நான். இடம், நேரம்: மேற்படி.

த.

---

பெர்த்
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? எந்தக் கை? எழுத்து சாய்ந்திருக்கிறது, வலது கையாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று அட்டைகளும் ஏற்கப்பட்டன.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு சாரார் சொல்வதை முன்பு எழுத மறந்துவிட்டேன். ஆதியில் இதற்குக் கையில் பிடித்து வைத்திருப்பது மட்டும் பொருளாக இருக்கவில்லையாம். கண்ணை எடுக்காமல் பார்ப்பது, கவனம் வைப்பது, இவையும் அதில் இருந்தனவாம். பழைய எழுத்துக்களில் அப்படி வருகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது. அகராதியில் 'இருக்கலாம்' என்று போடுவேன்.

அகராதியில் வராத ஒன்றும் எனக்குத் தெரியும். நம் வீட்டு மனிதரை ஓர் இல்லத்தில் விட்டுவிட்டு வருவது எப்படி என்பது. தேவைப்பட்டால் கேளுங்கள். தேவையில்லை என்றால் இந்த வரியை அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கபிலன்

---

பாசிர் ரிஸ்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள கபிலனுக்கு,

வலது கைதான். தோள்பட்டைக்குக் கீழே. இப்போது பேனா பிடிக்க வருகிறது.

ஜூலையில் ஒரு நாள், காலை பதினோரு மணி. அத்தானுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். “நீ யாரு? என் பொண்டாட்டி வந்துடுவா, போ வெளிய” என்று தள்ளிவிட்டார். நாற்பத்துநாலு வருடத்தில் என்மேல் கை வைத்ததில்லை. நான் கீழே விழுந்து கிடக்கிறேன், அவரே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “எப்டிம்மா விழுந்த?” என்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு மறதி நோய் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. உனக்கு எழுதவில்லை. எந்த வாயால் எழுதுவது? கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவன் என்று உன்னை எத்தனை பேர் முன்னால் சொன்னேன். ஒவ்வொருவரும் அதை இப்போது எனக்குத் திருப்பிச் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் எனக்கே கேட்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அம்மா உன் வீட்டில் அடுப்பைத் திறந்துவிட்டு, பாத்ரூமில் விழுந்து, நீ தினம் லீவு போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், என் வீட்டுக்கு அனுப்பு என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஷிஃப்ட் வேலை, ரக்ஷனாவுக்குப் பரீட்சை என்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்காமல் இருந்தாயா?

இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் என்னால் பேச முடியாது. எழுது. எப்படி விட்டுவிட்டு வருவது என்று முதலிலிருந்து எழுது. என்னைத் திட்ட வேண்டுமென்றால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்.

அக்கா

---

பெர்த்
13 செப்டம்பர் 2024
(எக்ஸ்பிரஸ் தபால்)

அன்புள்ள அக்கா,

துணிகளில் பெயர் போடச் சொல்வார்கள். மார்க்கர் பேனா வேண்டாம், மூன்று சலவையில் போய்விடும், அப்புறம் அத்தான் அடுத்த கட்டில்காரரின் சட்டையில் இருப்பார். நூலால் தையுங்கள். உங்கள் கை இப்படி இருப்பதால் ரக்ஷனாவைத் தைக்கச் சொல்லுங்கள். நான் அம்மாவின் பதினொரு சேலையிலும் நானே தைத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தையல் கோணல் என்றாள்.

வீட்டுப் போர்வையைக் கொண்டுபோங்கள், புதிது வாங்க வேண்டாம். காலையில் கொண்டுபோய் விடுங்கள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால். சாப்பாடு வந்துவிட்டால் அவர்கள் பார்வை அதன்மேல் போகும், அப்போது எழுந்து வர முடியும். முதல் வாரம் வராதீர்கள், பழகட்டும் என்று சொல்வார்கள். அவர்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். போங்கள். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பில் உட்கார இடம் இருக்கும். எனக்கு ஏழு பஸ் போனது. எட்டாவதில் ஏறினேன். யாரையாவது கூட அழைத்துப்போங்கள், நூர்தீன் வருவார்.

இனி எழுதுவதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. கிளம்பும்போது அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடுவிக்கத் தெரியவில்லை. “நாளைக்குக் காலைல வந்து கூட்டிட்டுப் போறேம்மா, பைய ரெடியா வெச்சிரு” என்றேன். உடனே விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் மறந்தவளுக்கு இது மட்டும் மறக்கவில்லை. ஐந்து மாதமும் தினம் காலையில் துணியைப் பையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பார்த்தது அதைத்தான். அங்கே கொடுமை தாங்காமல் ஓடப் பார்க்கிறாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவள் எனக்காகக் காத்திருந்தாள். மண்டாயில் நீங்கள் திட்டியபோது நான் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். விட்டுவிட்டு வந்ததற்காக நான் வருந்தவில்லை அக்கா, அது வேறு வழியில்லாமல் நடந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தினமும் வருந்துகிறேன்.

ஆகவே அத்தானிடம் நாளைக்கு என்று சொல்லாதீர்கள். எது உண்மையோ அதைச் சொல்லுங்கள், அட்டையில் எழுதுவதுபோல.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், தெரிந்துதான் கேட்கவில்லை. நீங்கள் முடியாது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் வீட்டு வாசலில் எப்படி வந்து நிற்பது என்று யோசித்தேன். கேட்காமலேயே நிற்க முடியாமல் போயிற்று, அது வேறு விஷயம்.

திட்ட ஒன்றும் இல்லை.

தம்பி கபிலன்

---

பாசிர் ரிஸ்
3 நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளி முடிந்தது. முறுக்கு நூர்தீன் வீட்டுக்கு ஒரு டப்பா, இல்லத்துக்கு இரண்டு டப்பா. நான் சுகம். அத்தான் சுமார். 'நலம்' என்று இனி எழுதுவதில்லை.

செப்டம்பர் 27 வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கொண்டுபோய் விட்டேன். பெயர் நூலால்தான் தைத்தது, தைத்தது ரக்ஷனா, அவள் தையலும் கோணல். பழைய போர்வை. நூர்தீன் கூட வந்தார். உன் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கிளம்பும்போது அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு அழைத்துப்போகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவின் பை கண்முன்னால் வந்தது. “இனிமே நீங்க இங்கதான் இருக்கப் போறீங்க. நான் தினம் நாலு மணிக்கு வருவேன்” என்றேன். “எந்த பஸ்ல வருவ?” என்றார். நம்பரைச் சொன்னேன். “அது ஃப்ரீக்வென்ட்டா வரும், பரவால்ல” என்று கையை விட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் எனக்கு மூன்று பஸ்தான் போனது. உனக்கு ஏழு. அன்றைக்கு உன் பக்கத்தில் நூர்தீன் இல்லை, நானும் இல்லை. நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது. என்னை மன்னித்துவிடு கபிலா.

அட்டை கணக்கு சொல்லவேண்டும். நாற்பதில் இருபத்துநாலு உனக்கு வந்துவிட்டது. பதினைந்தை அத்தான் என் கைப்பையிலிருந்து எடுத்து, இல்லத்து ஹாலுக்குள் வருகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட்டாகக் கொடுத்துவிட்டார். தாதிகள்கூட வாங்கிக்கொள்கிறார்கள். மிச்சம் ஒன்று. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஹாலில் அவர் எப்போதும் முன்வரிசையில் உட்காருவார். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்துவிடுவார். நேற்று ஒரு பெரியவர் பையை நகர்த்தி உட்காரப் போனார். அப்போது சொன்னது.

“அங்க உக்காராதீங்க சார். அது கபிலனுக்குக் கீப் பண்ணிருக்கேன். பையன் அடுத்த ஸ்டாப்புல ஏறுவான்.”
சொன்னவர்: சுப்பிரமணியம், உன் அத்தான். இடம்: இல்லம், ஹால், முன்வரிசை. நேரம்:

என் பெயர் அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. உன் பெயர் தினம் வருகிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் உன்மேல் போட்ட பிளாக்கை இன்னும் எடுத்துவிடவில்லை. எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. ரக்ஷனாவிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

உன் அக்கா,
தங்கம்

---

பெர்த்
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் அட்டையும் கிடைத்தன. இருவரும் சுகம்.

நாற்பதாவது அட்டையில் நேரக் கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் மறந்து விட்டிருக்க வழியில்லை. விதிப்படி இந்த அட்டையைத் திருப்பித் தரவேண்டும். தபாலில் அனுப்பப் போவதில்லை. 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறேன். நேராக இல்லத்துக்கே வந்துவிடுகிறேன், நாலு மணிக்கு.

பையை எடுக்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள்.

தம்பி,
கபிலன்